அக்கி இல்லாத முதுகில் எழுதிய சிங்கம்

மாவிலங்குடியில் கல்யாணம் என்றாலும் கருமாதி என்றாலும், காதுகுத்து என்றாலும் புதுவீட்டுப் பால்காய்ச்சு என்றாலும், சோறு வடிக்கிற அண்டாவுக்கும் குழம்பு கிண்டுகிற அகப்பைக்கும் பந்திப் பாய்க்கும் பெத்தணன் கடைக்குத்தான் வந்தாக வேண்டும், ஏனென்றால் சுற்று வட்டாரத்தில் வேறு வாடகைப் பாத்திரக் கடை கிடையாது. பெத்தணனோ ஊரில் பாதிப் பேரோடு பேச்சுவார்த்தை இல்லாத மனுஷன். பேச்சு இல்லாதவர்கள் வந்து நின்றால் அவர் கடை நடுவில் கவிழ்த்து வைத்திருக்கும் பெரிய அண்டாவைப் பார்த்துத்தான் பேசுவார். "ஏ அண்டா, வந்திருக்கிற ஆளுக்கு எத்தனை தட்டு வேணும்னு கேளு" என்பார். வந்தவரும் அண்டாவிடமே "நூறு தட்டு, பத்து வாளி" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போவார். இப்படியே அந்த ஊரில் எத்தனையோ கல்யாணங்கள் நடந்தன, எத்தனையோ பேர் செத்துப் போனார்கள், யாருக்கும் சோறு குறையவில்லை.

பகை ஒவ்வொன்றும் அவருக்கு நேற்று வாங்கியது போல மினுக்கமாக இருந்தது. டீக்கடைக் கோட்டைச்சாமி, பெத்தணன் மகளின் காதுகுத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, "இந்தப் பாயசத்துல முந்திரியைத் தேடணும்னா முக்குளிக்கிறவன் வேணும்" என்று பந்தியிலேயே சொன்னவன். அக்கி எழுதுகிற உடையப்ப வேளார், தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிப் போன அண்டாவை இடுப்பு ஒடித்துக் கொண்டுவந்து, "வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றவர். இந்த மாதிரி ஆட்களைப் பற்றி அண்டாவிடம் மணிக்கணக்காகப் பேசுவார். செத்துப்போன பெண்சாதியின் தம்பி, மைத்துனன் சொர்ணலிங்கத்தைப் பற்றி மட்டும் அண்டாவிடம்கூடப் பேசமாட்டார். அந்தப் பேர் காதில் விழுந்தால் கடைக் கதவை இழுத்துச் சாத்திவிடுவார்.

தை மாசத்துக் குளிரில் அவருடைய இடது மார்புக்குக் கீழே ஒரு வட்டம் வந்தது. ரோஸ் நிறத்தில், நடுவில் காய்ந்து, ஓரத்தில் மெல்லிய செதில் உரிந்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த அந்த வட்டத்தை அவர் தேங்காய் எண்ணெய் தடவி மறந்துவிட்டார். பிறகு ஒருநாள் குளித்துவிட்டுத் துவட்டும்போது பார்த்தால், அந்த ஒன்று குட்டி போட்டதுபோல நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்னத் தடிப்புகள், விலா எலும்பு போகிற வழியே சாய்ந்து சாய்ந்து இறங்கி, யாரோ உட்கார்ந்து வரிசை போட்டு நட்டது போல இருந்தன.

மாவிலங்குடிக்குத் தெரியாத நோய் என்று ஒன்று அதுவரை வந்ததில்லை. தேமல் தெரியும், படை தெரியும், அம்மை தெரியும், எது கடித்தது என்று தெரியாத கடிக்குக் காணாக்கடி என்று பேர் வைத்து அதையும் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆனால் இதைப் பார்த்தவர்கள் எல்லாரும் வாயில் கைவைத்து நின்றார்கள். அம்மை என்றால் காய்ச்சல் எங்கே என்று கேட்டார்கள். படை என்றால் இப்படி வரிசையாகவா வரும் என்று கேட்டார்கள். குஷ்டமோ என்று ஒருத்தி வாயைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரி அவள் தொடையைக் கிள்ள, மூடிக்கொண்டாள். கோட்டைச்சாமி மட்டும் டீ ஆற்றிக்கொண்டே, "இத்தனை வருஷம் உள்ளே வச்சுப் பூட்டுனது இப்ப வெளியே வருது, வேற ஒண்ணுமில்ல" என்றான். சிரித்தார்கள். பெத்தணன் அதைக் கேட்டு அண்டாவிடம் சொல்லி வைத்தார்.

மகள் நாகவள்ளி அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வேளைக்குச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவள். அவள்தான் பயந்துபோய் உடையப்ப வேளாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அக்கிக் கொப்புளம் வந்தால் வேளார் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் அக்கியின் மேல் சிங்கம் எழுதிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். எழுதின சிங்கம் அக்கியைத் தின்றுவிடும், தின்றதும் தானாக உதிர்ந்துவிடும். வேளார் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று பெத்தணன் அடம்பிடித்ததால் வேளாரே காவிக்கிண்ணத்தையும் கோழி இறகையும் எடுத்துக்கொண்டு வரும்படி ஆனது. வந்தவருக்கு முகம் கொடுக்கக் கூடாது என்று பெத்தணன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, இடது பக்கம் முழுவதும் துண்டைப் போர்த்திக்கொண்டு, வலது பாதி முதுகை மட்டும் காட்டினார்.

"நாகு, வந்திருக்கிறவர்கிட்டச் சொல்லு, சொரசொரன்னு இருக்கு, வேர்த்தா அரிக்குதுன்னு."

"தாயி, உங்க அப்பாகிட்டச் சொல்லு, துண்டை எடுத்தாத்தான் என்னான்னு பார்க்க முடியும்னு."

"அண்டாவை நசுக்குன ஆளுக்குப் பாதி முதுகு போதும்னு சொல்லு."

"பாதி முதுகுக்குப் பாதிச் சிங்கம்தான் எழுத முடியும். தலைப்பக்கம் வேணுமா, வால் பக்கம் வேணுமான்னு கேளு."

"முழுச் சிங்கம் எழுதச் சொல்லு. இடத்துக்குத் தக்கபடி சிறுசா எழுதட்டும்."

அக்கி என்பது உடம்பில் ஒரு பக்கம் மட்டுமே வரும், முதுகெலும்பைத் தாண்டாது. இது வேளாருக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். துண்டை விலக்கிப் பார்த்திருந்தால் தடிப்பு ரெண்டு பக்கமும் ஓடுவதைக் கண்டு, இது அக்கி இல்லை என்று எழுந்து போயிருப்பார். அவர் பார்த்தது பாதி முதுகு. அதனால் காவியைக் குழைத்து, பிடரியும் சுருட்டின வாலும் நீட்டின நாக்குமாக ஒரு சிங்கத்தை எழுதி முடித்து, "பசியோட எழுதியிருக்கேன், சீக்கிரம் தின்னுரும்னு சொல்லு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் சோறு கொண்டுவந்த நாகவள்ளி, "அப்பா, சிங்கம் இடது தோளுக்கு வந்து படுத்திருக்கு" என்றாள். "வலது பக்கம் சன்னல் வெயில் அடிச்சிருக்கும்" என்றார் பெத்தணன். அவருக்கும் அது தெரிந்தது. பூனை நடப்பது போல வெதுவெதுப்பாக நாலு பாதம் முதுகெலும்பைக் கடந்து போனதை அவர் தூக்கத்திலேயே உணர்ந்திருந்தார். தோளில் ஒரு தடிப்பு வெளுத்திருந்தது. சாப்பிட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கோட்டைச்சாமி டீக்கடைக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, "கோட்டை, சீனி கம்மியா ஒண்ணு போடு" என்றார்.

கோட்டைச்சாமி கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. அவன் தனக்குப் பின்னால் வேறு கோட்டை யாரும் நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்தான்.

"என்கிட்டயாண்ணே பேசுறீங்க?"

"பின்ன பாய்லர்கிட்டயா பேசுறேன்? போடுப்பா."

"இல்லண்ணே... அந்தப் பாயசம்..."

"எந்தப் பாயசம்?" என்றார் பெத்தணன். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. கோட்டைச்சாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சீனியை மூன்று கரண்டி போட்டுவிட்டான், பெத்தணன் அதையும் குடித்துவிட்டுப் போனார்.

விஷயம் வேளார் காதுக்குப் போயிற்று. அவர் ஓடிவந்து, கேட்காமலே துண்டை இழுத்து முழு முதுகையும் பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். "குடி கெட்டுச்சு. இது அக்கியே இல்ல. அக்கி இல்லாத உடம்புல சிங்கத்தை இறக்கிட்டேன். அது பாவம் என்ன செய்யும், பசியோட விட்டது. கிடைச்ச பகையைத் தின்னுது." அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிங்கம் விலாப் பக்கம் இறங்கி ஒரு தடிப்பின் மேல் வாயை வைத்தது, பெத்தணன் அவரைப் பார்த்து, "உடையப்பா, நின்னுக்கிட்டே பேசுறே, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. மக கல்யாணத்துக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ, பாத்திரம் தந்திருப்பேன்ல?" என்றார். வேளார் அழுதாரா சிரித்தாரா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

நாகவள்ளி அப்பாவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் பர்வீன் சின்ன வயசுப் பெண், கண்ணாடி போட்டவள், சட்டையைக் கழற்றச் சொல்லி முன்னும் பின்னும் பார்த்தவள், மார்புக்குக் கீழே இருந்த வட்டத்தைத் தொட்டு, "இதுதானே முதல்ல வந்தது?" என்று கேட்டாள். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று பெத்தணன் திடுக்கிட்டார்.

"இது நிறையப் பேருக்கு வர்றதுதான் ஐயா, உங்க ஊருக்குத்தான் புதுசு. முதல்ல தாய் வரும், பிறகு குட்டிகள் வரும். யாருக்கும் பரவாது. ஆறு வாரமோ எட்டு வாரமோ இருந்துட்டுத் தானா மறைஞ்சிரும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தாதீங்க, சோப்பைக் குறைங்க. அரிச்சா தடவ லோஷன் தர்றேன்."

"எதனால வந்துச்சு?" என்றாள் நாகவள்ளி.

"அது யாருக்கும் சரியாத் தெரியாதும்மா." டாக்டர் முதுகுப் பக்கம் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "சிங்கம் யார் எழுதுனது? நல்லா இருக்கு. தேய்ச்சுக் கழுவாதீங்க, தோல் எரியும். அதுவும் போகும்போது போகும்."

நோய் ஒட்டாது என்று தெரிந்ததும் ஊர் பெத்தணன் கடைக்குத் திரும்பியது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் வெற்று முதுகோடு பாயில் குப்புறப் படுக்கும் நேரம் பார்த்து, அவரோடு பேச்சு இல்லாதவர்கள் ஒவ்வொருவராக வந்து, வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தங்கள் பகை எந்த இடத்தில் இருக்கிறது என்று முதுகில் தேடினார்கள். "இந்தா, இதுதான் நான், வாய்க்கால் தகராறு" என்று ஒருத்தர் விரலால் காட்டுவார். "சத்தம் போடாதீங்க, இப்பத்தான் அந்தப் பக்கம் நடக்குது" என்று இன்னொருத்தர் அடக்குவார். பெண்கள் செம்பில் பால் கொண்டுவந்து வைத்தார்கள், சிங்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கறி வைக்கலாமா என்று பேச்சு வந்து, காவிச் சிங்கம் சைவமா அசைவமா என்று ஒரு முழு மத்தியானம் வாதம் நடந்து, கோவில் பூசாரி வந்து, "அதுக்கு எது வேணுமோ அது அவர்கிட்டயே மூட்டை மூட்டையா இருக்கு, உங்க பாலைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் குடுங்க" என்று முடித்துவைத்தார். ஊர் எதற்கும் பழகிவிடும். சிங்கம் எந்தத் தடிப்பில் வாய் வைக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பி, "உன்னைத் தின்னுருச்சு, பேசலாம் வா" என்று சொல்லிவிடுகிற அளவுக்குப் பழகிவிட்டது. பெத்தணன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். கவிழ்ந்து கிடந்த அண்டாவிடம் பேச அவருக்கு ஒன்றுமே இல்லாமல் போனது.

அப்போதுதான் ஒருநாள் நாகவள்ளி சோறு போட்டுக்கொண்டே, "என் காதுகுத்துக்கு அம்மா ஒரு அரக்குச் சேலை கட்டியிருந்தாங்களே, அதை நம்ம பெட்டியில பார்த்தேம்ப்பா" என்றாள்.

"எந்தக் காதுகுத்து?" என்றார் பெத்தணன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் அவள் காதைப் பார்த்தார். தோடு தொங்கியது, ஓட்டை இருந்தது, குத்தாமல் ஓட்டை வராது. ஆனால் அந்த நாளை அவர் தேடினால் அங்கே வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒன்றுமில்லாமல் இருந்தது. வேளார் மகள் கல்யாணத்துக்கு நீங்களும் அம்மாவும் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களே என்று மகள் கேட்டாள், இல்லை. வாய்க்கால் தகராறில் அம்மா நடு வயலில் இறங்கி நின்று உங்கள் கையைப் பிடித்து இழுத்தாளே, இல்லை. அவர் சண்டை போட்ட இடத்திலெல்லாம் பக்கத்தில் பெண்சாதி மீனாள் நின்றிருக்கிறாள். "விடுங்க, விட்டுத் தொலைங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தபடி நின்றவள் அவள் ஒருத்திதான். பகை ஒவ்வொன்றிலும் ஒரு மீனாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். சிங்கத்துக்குச் சதையைத் தின்று எலும்பைத் துப்பத் தெரியாது, அது ஒட்டியிருந்தவளையும் சேர்த்து விழுங்கியிருந்தது.

பகை போனதென்று ஊர் கொண்டாடிய சிங்கம் தன் வீட்டில் புகுந்து, தன் பெண்சாதியைத் துண்டு துண்டாக எடுத்துப் போயிருக்கிறது என்பது பெத்தணனுக்கு அப்போதுதான் உறைத்தது. மிச்சமாக ஒரே ஒரு மீனாள் இருந்தாள். மார்புக்குக் கீழே, முதலில் வந்த தாய் வட்டத்தில், மைத்துனன் மேல் இருந்த பகைக்குள்ளே, அவளுடைய கடைசி நாள் முழுசாக இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "சிங்கத்துக்கு எங்ககிட்ட மருந்து இல்லையே ஐயா" என்றாள் டாக்டர் பர்வீன், உண்மையான வருத்தத்தோடு. "தோல் இன்னும் கொஞ்ச நாள்ல சுத்தமாயிரும்." அதுதான் பயம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. வேளாரிடம் ஓடினார். வேளார் யோசித்து, "இரை இருக்கிற வரைக்கும் அது இறங்காது. வேற இரை போட்டா உன்னுதை விட்டுவைக்கலாம். ஊர்ல பகைக்கா பஞ்சம்?" என்றார்.

அப்படித்தான் பெத்தணன் வீடு வீடாகப் போய்ப் பகை கேட்டார். "உங்ககிட்ட வேண்டாதது எதுனா இருந்தா குடுங்க" என்று பழைய துணி கேட்பவர் போல நின்றார். ஊருக்குச் சந்தோஷம்தான். முதலில் வந்தவர்கள் ஓரகத்திகள் ரெண்டு பேர், அடுப்படியைப் பிரித்ததிலிருந்து முகம் பார்க்காதவர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து அவர் முதுகில் கைவைத்தார்கள், சிங்கம் எழுந்து வந்து ரெண்டு கையையும் நக்கியது. எழுந்தவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்து, "நீங்க எந்த ஊருக்கா?" என்றார்கள். ஒரே வாசலில் மருமகள்களாக நுழைந்து, ஒரே உலையில் சோறு பொங்கி, ஒருத்தி பிள்ளைக்கு ஒருத்தி பால் கொடுத்ததெல்லாம் அந்த அடுப்படிச் சண்டைக்குள்ளே இருந்திருக்கிறது. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்து, எந்தப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் பொழுது சாய்கிற வரை இருந்தார்கள். அவர்களுடைய புருஷன்மார் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனதை ஊரே நின்று பார்த்தது. அன்றிலிருந்து மாவிலங்குடியில் யாரும் பகை கொடுக்க வரவில்லை. பெத்தணன் தெருவில் வந்தால், பிடிக்காதவர்களை நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

சிங்கம் முதுகை முடித்துவிட்டது. ஒரு காலையில் அது விலாவைச் சுற்றி முன்பக்கம் வந்து, தொப்புளுக்கு மேலே உட்கார்ந்து, மார்புக்குக் கீழே இருந்த வட்டத்தை அண்ணாந்து பார்த்தது.

"என்கிட்டச் சொல்லுங்கப்பா, நான் வச்சுக்கிறேன்" என்றாள் நாகவள்ளி. அம்மா செத்த அன்று அவள் பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தவள், ஒன்றும் பார்க்காதவள். அவர் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். கேட்டால் இவளுக்கும் சொர்ணலிங்கம் மேல் பகை வரும். வந்தால் சிங்கம் இவளையும் மோப்பம் பிடிக்கும், மகள் கைக்குப் போன மீனாளையும் தின்றுவிடும். யாரிடம் சொன்னாலும் அப்படித்தான், அந்த நாளைக் கேட்டுவிட்டு அவனைப் பகைக்காத மனுஷன் உலகத்தில் இருக்க முடியாது. ஒரே ஒருத்தன் இருந்தான், அவனேதான். தன்மேல் தனக்கு இருப்பதற்குப் பகை என்று பேர் கிடையாது.

அன்றைக்கே நட்டநடு வெயிலில் பெத்தணன், பல வருஷமாக மிதிக்காத மைத்துனன் வீட்டுப் படியேறினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சொர்ணலிங்கம் எச்சில் கையோடு எழுந்து, அடிக்க வந்திருக்கிறாரோ என்று சுவரோடு ஒட்டினான்.

"அத்தான்..."

"பேசாதே. நீ பேசுறதுக்கு நான் வரலை. உக்காந்து கேளு. ஒரு சொல்லு விடாம மனசுல வாங்கிக்க. இனிமே இது உங்கிட்டத்தான் இருக்கப் போவுது."

அவர் அரிசி ஊறப்போட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். மீனாள் அரிசியை ஊறப்போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது, தான் ஓடி வந்தபோது இந்த வாசலில் மாலை போட்டு எலுமிச்சம்பழம் கட்டிப் புதுக் கார் நின்றது, "முதல் ஓட்டம் கோவிலுக்குன்னு வேண்டியிருக்கேன் அத்தான், நோயாளியை ஏத்தப்படாது, வாய்வாத்தான் இருக்கும், கஷாயம் வச்சுக் குடுங்க" என்று இவன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பாத்திரம் ஏற்றி நின்ற குட்டியானை வண்டியில், இறக்க நேரமில்லாமல், அண்டாக்களுக்கு நடுவில் பந்திப் பாயை விரித்து அவளைப் படுக்கவைத்தது.

"படுத்துக்கிட்டே சிரிச்சாடா. பாத்திரத்தோடயே போறோம், எங்க நின்னாலும் பந்தி போட்டுரலாம்னா. நான் உன்னைத் திட்டிக்கிட்டே வந்தேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? அவன் சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான், புதுச்சட்டை எடுத்தா யாரையும் தொடவிட மாட்டான், அழுக்கானப்புறம் அவனே கொண்டாந்து குடுப்பான்னா."

சொர்ணலிங்கத்தின் கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. இந்த வார்த்தையை அவன் அதுவரை கேட்டதில்லை.

"பள்ளத்துல வண்டி குதிக்கும்போதெல்லாம் அவ வளையல் அண்டாவுல பட்டுச் சத்தம் கேட்டுச்சு. ரயில்வே கேட்டு வரைக்கும் கேட்டுச்சு. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு இன்னும் மோசம். பள்ளம் இருந்துச்சு, சத்தம் இல்ல." பெத்தணன் எழுந்தார். "அவ்வளவுதான். பத்திரமா வச்சுக்க."

அன்று ராத்திரி சிங்கம் அந்தக் கடைசி வட்டத்தையும் தின்று முடித்தது. மறுநாள் குளிக்கும்போது காவி கரைந்து ஓடியது. சாதாரணக் காவி, வாய்க்காலில் சிவப்பாகப் போயிற்று. அவர் உடம்பு சின்னப் பிள்ளை உடம்பு மாதிரிச் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு பெத்தணன் கடையில் உட்கார்ந்து வருவோர் போவோரைக் கூப்பிட்டுப் பேசினார், தட்டுக்கு வாடகை குறைத்துக்கொண்டார், ஆனால் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு எதையோ எங்கேயோ வைத்தவர் போலச் சுற்றிலும் பார்த்தார். தனக்கு ஒரு பெண்சாதி இருந்தாள், செத்துப் போனாள் என்பது தெரிந்தது. எப்படி என்று கேட்டார். "மாமாகிட்டத்தான் கேக்கணும்ப்பா" என்று நாகவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் சொர்ணலிங்கத்துக்கு ஆள் அனுப்பினார். வருகிற வழியில் அவனை டீக்கடையில் நிறுத்திக்கொண்டார்கள். "தம்பி, சாமியே உனக்கு வழி விட்டிருக்கு" என்றான் கோட்டைச்சாமி. "எல்லாத்தையும் சொல்லு, காரு சங்கதியை மட்டும் தள்ளிட்டுச் சொல்லு. யாரும் எடுத்துக் குடுக்க மாட்டோம். மனுஷன் இப்பத்தான் சிரிக்கிறாரு." அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். அவன் தலையை ஆட்டிவிட்டு நடந்தான், ஊரும் பத்தடி பின்னால் நடந்து கடை வாசலில் நின்றுகொண்டது.

"வா மாப்பிள்ளை" என்றார் பெத்தணன், வாய் நிறைய. "உக்காரு. மீனா எப்படிப் போனா? உனக்குத்தான் தெரியுமாமே."

சொர்ணலிங்கம் அரிசி ஊறப்போட்டதைச் சொன்னான். நெஞ்சைப் பிடித்ததைச் சொன்னான். பிறகு கார்ப் பேச்சை எடுக்காமல், குட்டியானையில் அண்டாக்களுக்கு நடுவே பாய் விரித்ததைச் சொன்னான். பெத்தணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"இரு. நெஞ்சு வலிக்காரியைப் பாத்திர வண்டியில ஏன் ஏத்துனேன்? வேற வண்டி கிடைக்கலையா?"

அவர் குரலில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. பெண்சாதியைப் பற்றி எந்தப் புருஷனும் கேட்கிற கேள்வி அது. வாசலில் நின்ற கோட்டைச்சாமி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சொர்ணலிங்கம் அவனைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

"கிடைச்சது அத்தான். என் காரு வாசல்ல நின்னுச்சு. புதுசு. முதல் ஓட்டம் கோவிலுக்குன்னு சொல்லி நான் தரலை. சாவி என் இடுப்புல இருந்துச்சு."

பெத்தணன் அதை முதல் தடவையாகக் கேட்டார், அவருக்கு அன்றைக்குத்தான் அது நடந்தது. அவர் எழுந்த வேகத்தில் பக்கத்திலிருந்த தட்டு அடுக்கு சரிந்து கடை முழுக்க உருண்டது, அவர் ரெண்டு கையாலும் மைத்துனனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார், ஊர் கண்ணை மூடிக்கொண்டது. சொர்ணலிங்கம் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தூக்கிய இடத்திலிருந்தே, மூச்சு முட்ட, அடுத்ததைச் சொன்னான். அவள் படுத்துக்கொண்டே சிரித்ததை, பந்தி போட்டுரலாம் என்றதை, புதுச்சட்டை பற்றிச் சொன்னதை. சொல்லச் சொல்லப் பெத்தணனின் பிடி தளர்ந்தது என்று இல்லை, இறுகியபடியே இருந்தது, ஆனால் அவர் காதை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தார். ரயில்வே கேட்டு வந்தது. வளையல் சத்தம் நின்றது.

அவர் சட்டையை விட்டார். உருண்ட தட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, இத்தனை நாள் அழாததையும் சேர்த்து அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்த பார்வையில் கருணை ஒரு துளியும் இல்லை என்பதைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

"உன்னை என் உசுரு இருக்கிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்" என்றார். "நாளைக்கும் வா. வந்து முதல்லேருந்து சொல்லு. சாவியை மட்டும் தள்ளிட்டுச் சொன்னே, பாதியிலேயே கண்டுபிடிச்சிருவேன்."

மறுநாளும் சொர்ணலிங்கம் வந்தான். சட்டையில் முதல் பித்தான் இல்லை. பெத்தணன் நகர்ந்து இடம் விட்டார், அவன் உட்கார்ந்து, அரிசி ஊறப்போட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான்.